குண்டான் ஏன் குதிக்கவில்லை?

மலையடிவாரக் குளத்தங்கரையில் குரங்குகளும் ஓர் எறும்புதின்னியும் சேர்ந்து விண்கலம் செய்தன. சிரிக்காதீர்கள், விண்கலமேதான்! காய்ந்த பெரிய சுரைக்குடுக்கைக்குள் தானாகக் கற்றுக்கொள்ளும் ஒரு மூளையை வைத்தன. ஆறு கால்களைப் பொருத்தின. குண்டான் என்று பெயரும் வைத்தாயிற்று. குண்டான் செவ்வாய்க் கோளுக்குப் போய், செம்மண்ணுக்கு அடியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும்.

செவ்வாய் என்ன பக்கத்துத் தோப்பா? குண்டானோடு பேச வைத்திருந்த குழலில் இங்கே ஒரு வார்த்தை சொன்னால், அது அங்கே போய்ச் சேர்வதற்குள் எருமை குளத்தில் இறங்கி, ஆற அமரக் குளித்துக் கரையேறிவிடும். அதனால் எந்த இடத்திலும் குண்டானே பார்த்து, குண்டானே முடிவெடுக்க வேண்டும்.

அதற்குத்தான் பயிற்சி. குரங்குத் தலைவன் வாலப்பன் பள்ளம் தோண்டுவான். குண்டான் தாண்டினால் கூட்டமே கைதட்டும்.

"சபாஷ்டா குண்டா!"

விளிம்பில் நின்றுவிட்டால் போச்சு. "ச்சீ! பயந்தாங்கொள்ளி!"

குண்டானுக்குக் கைதட்டல் என்றால் உயிர். எறும்புதின்னி செதிலிக்கோ கைதட்ட வராது, நீள நகங்கள் இடிக்கும். மனசுக்குப் பிடித்தால் தன் வால் செதிலில் நகத்தால் 'டொக்' என்று ஒரு தட்டு. அவ்வளவுதான் அவளால் முடிந்தது.

ஒருநாள் வாலப்பன் பள்ளத்தின்மேல் சருகைப் பரப்பி வைத்தான். குண்டான் வந்தான், ஒரு கணம் தயங்கினான், தாவினான். தடாலென்று உள்ளே விழுந்தான்!

செதிலி பதறிப்போய் இறங்கி அவனைத் தூக்கினாள். குடுக்கையில் ஒரு விரிசல். அதைத் தடவிக்கொண்டே கேட்டாள்.

"சருகுக்குக் கீழே பள்ளம் இருக்குமோன்னு தோணலையாடா?"

"தோணிச்சு."

"அப்புறம் ஏன்டா குதிச்சே?"

"நின்னா யாரும் கைதட்ட மாட்டாங்களே!"

செதிலி அவனைக் கரையில் உட்கார வைத்தாள். நேரே வாலப்பனிடம் போனாள். "இவன் மேல தப்பே இல்ல. நாம எதுக்குக் கைதட்டினோமோ அதைத்தான் கத்துக்கிட்டான். இப்படியே அனுப்பினா முதல் பள்ளத்துலயே போயிடுவான். இனிமே நின்னாலும் பாராட்டணும்!"

"நிக்கிறதுக்கா? நல்லா இருக்கே கதை! பயம் வந்தா சுருண்டு படுக்கிறவ நீ. பிள்ளையையும் அப்படியே கெடுக்கப் பாக்குறியா?"

"ஆமா, சுருண்டுதான் படுப்பேன். அதனாலதான் உயிரோட இருக்கேன்!"

அன்று முதல் குண்டான் நின்றபோதெல்லாம் அவள் 'டொக்' தட்டினாள். வந்தது வினை! குண்டான் கூழாங்கல்லைக் கண்டாலும் நின்றான். தட்டான் பறந்தாலும் நின்றான். குரங்குகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தன. செதிலிக்கு மானமே போயிற்று.

ஆனாலும் விடவில்லை. பாடத்தைத் திருத்தினாள். "சும்மா நின்னா டொக் கிடையாது. நிஜமாவே தெரியலைன்னா மட்டும் காலை மடக்கிச் சுருண்டுக்கோ. தெம்பு குறையாம இருக்க முகம் சூரியன் பக்கம், நாங்க சொல்றது கேக்க காது எங்க பக்கம். ஏன் நின்னேன்னு ஒளிக்காம சொல்லு. நில்லுன்னு எங்கள்ல ஒருத்தர் சொன்னாலே நிக்கணும். நின்ன பிறகு போன்னா, நானும் வாலப்பனும் ரெண்டு பேரும் சொல்லணும்."

பாடம் நன்றாகப் படிந்ததும் குண்டான் கிளம்பினான். பல மாதம் கழித்துச் செவ்வாயில் இறங்கினான். ஒரு காலையில் குழலில் அவன் குரல் வந்தது.

"முன்னால ஒரு வெளி பளபளன்னு இருக்கு. பனி மாதிரி இருக்கு. ஆனா கீழே என்னன்னு எனக்குத் தெரியலை. சுருண்டுட்டேன்."

"பனின்னா தண்ணி!" வாலப்பன் துள்ளினான். செதிலி தடுப்பதற்குள் குழலில் வாயை வைத்துக் கத்திவிட்டான். "குதிடா குண்டா! எல்லாரும் தட்டுங்கடா கையை!"

குரங்குகள் குழலுக்குள் கைதட்டிப் பிளந்து கட்டின. செதிலி "நில்லு!" என்று கத்தினாள். ஆனால் அவள் வார்த்தை பின்னால்தான் போகும். கைதட்டல் முன்னால் போய்விட்டதே! அதைத் திரும்ப இழுக்க முடியுமா? எருமை குளத்தில் இறங்கியது. கரையேறியது. பதில் வருவதற்கு இன்னொரு முறையும் இறங்கி ஏற வேண்டும். செதிலி குழலைக் கட்டிக்கொண்டு, பந்தாய்ச் சுருண்டு கிடந்தாள். 'போயிட்டான், என் குண்டான் போயிட்டான்!'

குழல் கரகரத்தது.

"வாலப்பன் குதிக்கச் சொல்றான். கைதட்டலும் கேட்டுது, ஆசையாத்தான் இருக்கு. ஆனா செதிலி இன்னும் சொல்லலையே! ரெண்டு பேரும் சொல்ற வரைக்கும் நகர மாட்டேன்."

மூன்றாம் நாள் அங்கே பெருங்காற்று அடித்தது. அந்தப் பளபளப்பு அப்படியே உடைந்து உள்ளே விழுந்தது. வெறும் மெல்லிய ஓடு! அடியில் அதலபாதாளம். அதன் சுவரில் பாளம் பாளமாக நிஜப் பனிக்கட்டி. விளிம்பிலிருந்தே குண்டான் படம் பிடித்து அனுப்பினான்.

வாலப்பன் படத்தையே பார்த்தான். அவன் வால் தரையில் தொங்கியது. "நான் சொன்னபடி குதிச்சிருந்தா..." என்றான்.  பிறகு அவனே முதலில் கைதட்டினான். காடே கைதட்டியது. செதிலி மட்டும் ஒரு மூலையில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதாள்.

குழலில் மறுபடி குரல் வந்தது.

"எல்லார் கைதட்டலும் வந்துச்சு. ஆனா டொக் சத்தத்தைக் காணோமே? செதிலி, நான் நின்னது சரிதானே?"

செதிலி கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள். வாலைக் குழல் வாயில் வைத்து ஒரே ஒரு தட்டு தட்டினாள். டொக்!

நாம் எதற்குக் கைதட்டுகிறோமோ அதையே நம் கையில் வளர்வது கற்றுக்கொள்ளும் என்பதால், தெரியாத இடத்தில் "தெரியவில்லை" என்று நிற்பதற்கும் மனசாரப் பாராட்டிவிட்டே அதைத் தொலைதூரம் அனுப்ப வேண்டும்.