நாலரை அடி நிலை

ஒத்தக் கல்லில்கூட அடுத்தவர் கை படக் கூடாது. ஆதிலிங்கம் போட்ட ஒரே நிபந்தனை அதுதான்.

"அப்போ நான் எதுக்கு அண்ணாச்சி?" என்று கேட்டாள் பிரம்மசக்தி.

"சொல்லிக் கொடுக்க. வாயால மட்டும்."

"வாய் வலிச்சா?"

"டீ வாங்கித் தாரேன்."

அவள் அவரைவிடப் பன்னிரண்டு வயது இளையவள். சித்தாளாகச் சட்டி சுமந்து, பிறகு கரண்டி பிடித்து, இப்போது பத்துப் பேரை வேலை வாங்குகிற மேஸ்திரி. அவர் தண்ணீர் லாரி ஓட்டுகிறவர். அவள் கட்டும் சுவர்கள் நனைவதற்கு அவர்தான் தண்ணீர் கொண்டுவந்து இறக்குவார். பழக்கம் அப்படி வந்தது. ஊர் முடிந்து உடைமரங்கள் தொடங்குகிற இடத்தில், யாரும் வேண்டாம் என்று விட்டுப்போன ஒரு துண்டு மனையை அவர் வாங்கி, அதில் தன் கையாலேயே ஒரு வீடு கட்ட இறங்கியிருந்தார்.

தன் வேலைக்குப் போகிற வழியில் தினமும் காலையில் வருவாள். கவிழ்த்துப் போட்ட சட்டியின்மேல் உட்காருவாள். கை இரண்டையும் முந்தானைக்குள் பொதிந்துகொள்வாள்.

மூன்று நாளில் அவர் ஒன்பது வரி ஏற்றினார். நான்காம் நாள் அவள், சுவர் நேராக நிற்கிறதா என்று பார்க்கும் தூக்குக்குண்டை நீட்டினாள். அவர் சுவரோரம் நூலைத் தொங்கவிட்டார். மேலே ஒட்டியிருந்த நூல் கீழே ஒரு விரல் விலகி நின்றது.

"ஒரு விரல்தான மேஸ்திரியம்மா. பூச்சுல சரிக்கட்டிரலாம்."

"லாரிய ரிவர்ஸ் எடுக்கும்போது ஒரு விரல்தானன்னு விடுவியளா?"

அவர் நூலைச் சுருட்டினார்.

"மிதிங்க."

"மூணு நாள் வேலை."

"மூணு மாசம் கழிச்சுச் சொன்னா மிதிப்பியளா?"

மிதித்தார். இன்னும் இறுகி முடியாத சுவர் சரிந்தது. கல்லில் ஒட்டியிருந்ததைச் சுரண்டிச் சுரண்டி அன்று முழுக்க ஒன்றுமே கட்டவில்லை. மறுநாள் முதல் வரியிலிருந்து தொடங்கினார். அதற்குப் பிறகு நூலைப் பார்க்காமல் அவர் ஒரு கல்லையும் வைத்ததில்லை. விரல்நுனிகளில் சிமெண்டு அரித்துப் புண்ணாகி, லாரி ஸ்டியரிங்கில் ரத்தம் ஒட்டியது.

வாசல் நிலை வந்து இறங்கிய அன்று பிரம்மசக்தி சட்டியைவிட்டு எழுந்தாள். நிலையை மேலும் கீழும் பார்த்தாள். சேலைத் தலைப்பால் அகலத்தை அளந்தாள்.

"ஆசாரி அளவு தப்பா செஞ்சிட்டாரா?"

"இல்ல. நாந்தான் சொன்னேன். நாலரை அடி."

"பன்னெண்டு அடிச் செவருல நாலரை அடி வாசலா? ஒத்த ஆளு. யானை வளக்கப் போறியளா?"

அவர் சிரிக்கவில்லை. கரண்டியை மண்ணில் குத்தி வைத்தார்.

"எம் பொஞ்சாதி கனகமணி செத்தது வாடகை வீட்டுல இருக்கும்போது" என்றார். "காலைல நெஞ்சு வலிக்குன்னா. ஆட்டோவுல ஏத்திட்டுப் போறேன். பாதி வழியில, 'அடுப்ப அணைச்சியளா?'ன்னு கேட்டா. அணைச்சிட்டேன்னு சொன்னேன்."

"ம்."

"அணைக்கல. அதுக்கப்புறம் அவ பேசல."

உடைமரத்தில் ஒரு காகம் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் பறந்து போனது.

"மத்தியானம் அவ உடம்பக் கொண்டுவந்தா, வீட்டுக்காரரு வாசல்ல நிக்காரு. கையில கருகின சோத்துப் பானை. நல்லவேளை மாத்துச் சாவி இருந்துச்சு, இல்லன்னா வீடே எரிஞ்சிருக்கும்னு சத்தம். பொறவு மெதுவா சொன்னாரு, உள்ள வைக்காதீங்க, நாளைக்கு வேற யாரும் குடிவர மாட்டாங்கன்னு. தெருவுல பெஞ்சு போட்டுப் படுக்க வச்சேன். தூறல் வேற. நாந்தான் தார்ப்பாயப் புடிச்சிக்கிட்டு நின்னேன்."

"ஒருத்தரும் கேக்கலியா?"

"அவுகளும் வாடகைக்கு இருக்கவுகதான."

நிலையின் ஒரு காலைத் தடவினார்.

"எனக்குப் புள்ள குட்டி கிடையாது. நான் போனா நடுவீட்டுல கிடக்கணும். ரெண்டு பக்கமும் தோள் இடிக்காம நாலு பேரு தூக்கிட்டு வெளிய வரணும். அதுக்குத்தான் இந்த வாசல்."

பிரம்மசக்தி திரும்பிப் போய்ச் சட்டியில் உட்கார்ந்தாள். நிலையை நிறுத்த ஆள் வேண்டுமே என்று அவள் சொல்லவில்லை. அவர் லாரி ஜாக்கியைக் கொண்டுவந்தார். ஒரு பக்கம் ஏற்றி, கல் கொடுத்து, மறுபக்கம் ஏற்றி, கல் கொடுத்து, சாயங்காலம்வரை போராடி அதை நிமிர்த்தினார். தூக்குக்குண்டு விட்டபோது நூல் ஒட்டி நின்றது.

"பாஸ்" என்றாள். அன்றைக்கு அவள் தன் வேலைக்குப் போகவில்லை.

மழைக்கு முன்னால் மேலே சிமெண்டு ஷீட் ஏறிவிட்டது. ஒரே அறை. நாலு சுவரும் ஈர்க்கு வைத்த மாதிரி நேர். அவர் அவளுக்குச் சொல்லி அனுப்பினார்.

அவள் வந்தபோது வானம் மூடிக் கிடந்தது. கையில் ஒரு சின்னப் பித்தளைப் பானை. அதில் பால்.

ஆதிலிங்கம் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, வாசலில் நின்றார்.

"மேஸ்திரியம்மா, ஒத்த ஆளு கை படல. மட்டம் எங்கயும் பிசகல. சொல்லுங்க. இப்ப இது வீடுதான?"

அவள் வாசற்படிக்கு வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். பானையை ஏந்திக்கொண்டு கன்னி மூலைக்குப் போனாள். நின்றாள். அங்கிருந்து எதிர் மூலைக்குப் போனாள். பானையை வைக்கப் போகிறவள் போலக் குனிந்தாள். நிமிர்ந்தாள். மறுபடி அடுத்த மூலை. நாலு சுவரையும் சுற்றி, கையில் பானையோடு திரும்ப அவர் முன்னால் வந்து நின்றாள்.

"பால் எங்கன காச்சணும் அண்ணாச்சி?"

அவர் உள்ளே பார்த்தார். மேடை இல்லை. புகைபோக ஒரு துவாரம் இல்லை. அந்தப் பெரிய வாசலுக்கு நேராக, ஒரு ஆள் நீட்டிப் படுக்கிற அளவுக்குத் தரை மட்டும் வழவழவென்று இருந்தது.

"மறந்துட்டேன்" என்றார்.

அவள் அவரையே பார்த்தாள்.

"மறக்கல" என்றார் பிறகு. "நான் கடையில சாப்புட்டுக்கிடுவேன். பால் காச்சத்தான? வெளிய மூணு கல்லு கூட்டித் தாரேன்."

"வெளியவா?"

தார்ப்பாயைப் பிடித்த கை போல அவருடைய வலது கை கொஞ்சம் மேலே எழுந்து, அப்படியே நின்றது. ஷீட்டின்மேல் முதல் துளிகள் விழ ஆரம்பித்தன. அவள் பானையை மார்போடு சேர்த்துக்கொண்டு உள்ளே தள்ளி நின்றாள்.

"எனக்கு அடுப்பு வேண்டாம் மேஸ்திரியம்மா" என்றார். தூக்கிய கையை இறக்கினார். "இது துட்டிக்குன்னு கட்டினது. சாவுக்குன்னு கட்டின வீட்டுல அடுப்பு எதுக்கு?"

அவள் பானையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள்.

"துட்டி விழுந்த வீட்டுல அன்னைக்கு மொதல்ல அடுப்பத்தான் அணைப்பாக" என்றாள். "இங்க எத அணைப்பாக அண்ணாச்சி?"