புதுத்தீவு கண்ட தளபதி

கடலோரச் சீமையை ஆண்ட ராஜா ஒருத்தர், புதுத்தீவு கண்டுபிடித்து வரச்சொல்லி தளபதி தாண்டவராயரைக் கப்பலில் அனுப்பினார். ஆறு மாசம் கழித்துத் தளபதி கன்னமெல்லாம் பளபளக்கத் திரும்பி வந்து, "தீவைக் கண்டேன், கொடியை நட்டேன்" என்றார். கல்வெட்டில் பொறிப்பதற்கு முன்னால் விசாரித்துவிடலாமென்று, ராஜா கப்பல் சமையல்காரன் காத்தானைக் கூப்பிட்டனுப்பினார்.

சபைக்குள் நுழையும்போதே தளபதி அவன் காதில், "தோல்வின்னு சொன்னே, நாக்கு இருக்காதுடா" என்றார்.

ராஜா கேட்டார்: "பயணம் வெற்றியா, தோல்வியா? பொய் சொன்னால் தலை போகும்."

காத்தான் கும்பிட்டான். "பெரிய வெற்றி மகாராஜா. ஐயாவுக்கு ஒருநாள்கூடச் சோற்றுக்குத் தயிர் இல்லாமல் போகலை."

"நடுக்கடலில் ஏதடா தயிர்?"

"ஐயாவோட மச்சினர் தினமும் கொண்டுவந்து கொடுப்பார்."

"கப்பலுக்கா?"

"இல்லை மகாராஜா, அடுக்களையிலிருந்து கூடத்துக்கு."

ராஜா கையசைத்தார்; காவலர்கள் தளபதியின் வாளை வாங்கிக்கொண்டார்கள்.

"ஆறு மாசமும் மாமியார் வீட்டில் உட்கார்ந்து தின்றிருக்கிறார். இதைப்போய் வெற்றி என்கிறாயே?"

"ஐயாவுக்கு வெற்றிதானே மகாராஜா? அந்த அம்மாவைக் கேட்டால் வேறமாதிரி சொல்லுவாங்க. மாப்பிள்ளை எப்போ கப்பலேறுவாரோன்னு தினமும் கடலையே பார்த்துக்கிட்டிருந்தாங்க."