சருகு என்று ஒரு பெயர்

ஒரு காட்டில், மூங்கில் புதர்கள் அடர்ந்த ஒரு சரிவில், நுணா என்னும் சருகுமான் இருந்தாள். சருகுமான் பார்த்திருக்கிறீர்களா, குழந்தைகளே? முயலைவிடக் கொஞ்சம்தான் பெரியது. காய்ந்த இலைகளுக்குள் படுத்துவிட்டால் பக்கத்தில் நிற்பவர் கண்ணுக்கே தெரியாது, மோப்பத்துக்கும் எளிதில் சிக்காது. நுணா அதிகம் பேசமாட்டாள். ஆனால் எதைக் கேட்டாலும் காதில் வாங்கி வைத்துக்கொள்வாள்.

அந்தக் காட்டில் பிள்ளைக்குப் பெயர் வைப்பது பெரிய விழா. எல்லோரும் கூடுவார்கள். தாய் பிள்ளையை நடுவில் நிறுத்தி, பெயரைச் சொல்லி, ஏன் அந்தப் பெயர் வைத்தேன் என்றும் சொல்ல வேண்டும். கேட்டவர்கள் வாயைப் பிளக்க வேண்டும். அதற்காகவே தாய்மார்கள் மாதக்கணக்கில் பெயர் தேடுவார்கள்.

காட்டுப்பன்றி கோரை தன் மகனுக்கு மலைபிளந்தான் என்று பெயர் வைத்தாள்.

"பிறந்த அன்றே மூக்கால் மண்ணைக் கிளறினான். நாளைக்கு மலையையே பிளப்பான், பாருங்கள்!" என்றாள்.

முள்ளம்பன்றி முள்ளி அதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருப்பாளா? தன் மகனுக்கு ஆயிரவேலன் என்று பெயர் வைத்தாள்.

"இவன் முதுகில் முளைக்கப்போவது முள் இல்லை, ஆயிரம் வேல்!" என்றாள். உண்மையில் அந்தக் குட்டியின் முதுகில் அப்போது புல்லைப் போல மெத்தென்ற முடிதான் இருந்தது.

இந்த விழாக்களுக்கெல்லாம் தவறாமல் வருபவள் ஒருத்தி உண்டு. வறண்ட சமவெளியிலிருந்து வந்து, பாறைக் குகையில் குடியேறிய கழுதைப்புலி. வரும்போது வெறுங்கையோடு வரமாட்டாள், தேனடை கொண்டுவருவாள். எல்லோரும் அவளை அத்தை என்றுதான் கூப்பிட்டார்கள்.

"பெயரை ஒரு தடவை சொன்னால் ஒட்டாதம்மா," என்பாள் கழுதைப்புலி. "மூன்று தடவை சொல்லு. தினமும் எப்படிக் கொஞ்சிக் கூப்பிடுவாயோ, அப்படியே சொல்லு. அத்தை காது குளிரக் கேட்கிறேன்."

முள்ளி பெருமையோடு கூப்பிட்டாள். அன்று கிழங்கு தோண்டிய புழுதி அவள் தொண்டையில் சிக்கியிருந்தது. "ஆயிர... கக்... வேலா! வாடா கண்ணு!" என்று இருமிக்கொண்டே கூப்பிட்டாள். கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். கழுதைப்புலி மட்டும் சிரிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். அவள் தொண்டை மெதுவாக ஏறி இறங்கியது.

மழை முடிந்து மூடுபனி தொடங்கியது. பட்டப்பகலிலேயே பனி இறங்கி, எதிரில் இருக்கும் மரம் தெரியாமல் காட்டை மூடிவிடும். பறவைகள்கூடப் பேசாது.

நுணா அப்போது வயிற்றில் குட்டியைச் சுமந்துகொண்டிருந்தாள். ஒரு பகல், பனிக்குள் சருகுகளோடு சருகாகப் படுத்திருந்தாள். அருகில் ஒரு குரல் கேட்டது.

"ஆயிர... கக்... வேலா! வாடா கண்ணு!"

முள்ளியின் குரல்தான். மகனைத் தேடுகிறாள் போல, என்று நுணா நினைத்தாள். சின்னக் கால்கள் இலைமேல் ஓடும் சத்தம் கேட்டது. "இதோ வந்துட்டேன் அம்மா!" என்றது ஒரு பிஞ்சுக் குரல். பிறகு எந்தச் சத்தமும் இல்லை.

கொஞ்ச நேரத்தில் ஓடைப் பக்கமிருந்து முள்ளி வந்தாள். வாயில் கிழங்கைக் கவ்வியிருந்தாள். அதைக் கீழே போட்டுவிட்டு, "நுணா, என் மகனைப் பார்த்தாயா? வளையில் காணோம்," என்றாள்.

நுணா சட்டென்று எழுந்து நின்றாள். "அக்கா, இப்போது நீங்கள்தானே கூப்பிட்டீர்கள்?"

"நானா? நான் ஓடைக்கு அந்தப் பக்கம் அல்லவா இருந்தேன்?"

பனி அசையாமல் நின்றது.

காடு முழுக்கத் தேடினார்கள். ரத்தம் இல்லை. ஒரு முடி இல்லை. ஓர் எலும்புகூட இல்லை.

அடுத்த பனியில் கோரையின் மகன் போனான். அவன் போன நேரத்தில் கோரை அவனுக்குப் பின்னால்தான் படுத்திருந்தாள். பனிக்குள்ளிருந்து தன் குரலே தன் மகனைக் கூப்பிடுவதைக் கேட்டாள். கேட்டதும் உடம்பு மரத்துப்போனது. எழுந்து ஓடுவதற்குள் குட்டி பனிக்குள் புகுந்துவிட்டான்.

"பனிக்கு வாய் முளைத்துவிட்டது," என்று விலங்குகள் குசுகுசுத்தன. தாய்மார்கள் வாய் திறக்கவே பயந்தார்கள். தங்கள் குரலைக் கேட்டுத் தாங்களே நடுங்கினார்கள்.

கழுதைப்புலி எல்லோருடனும் சேர்ந்து அழுதாள். அழுது முடித்துவிட்டுச் சொன்னாள்: "பெயர் ராசி சரியில்லையம்மா. அதனால்தான் பனி கொண்டுபோய்விட்டது. இனிமேல் பெயர் வைப்பதாக இருந்தால் என் குகைக்கு வந்து, என் எதிரில் வையுங்கள். நான் பார்த்துக்கொள்கிறேன்."

பயந்தவர்கள் அதையும் நம்பினார்கள். குட்டி ஈன்ற தாய்மார்கள் ஒவ்வொருவராகக் குகைக்குப் போனார்கள். பனியும் இறங்கிக்கொண்டே இருந்தது. பிள்ளைகளும் குறைந்துகொண்டே இருந்தார்கள்.

அந்த நாட்களில்தான் நுணா ஓர் ஆண்குட்டியை ஈன்றாள். மெலிந்த நான்கு கால்கள், முதுகில் வெள்ளைக் கோடுகள். நக்கிக் கொடுக்கும்போது அதன் நெஞ்சு படபடவென்று துடிப்பது அவள் நாக்கில் தெரிந்தது. என்ன பெயர் வைப்பது? அவளுக்கும் ஆசை இருந்தது. மூங்கில் பூத்த வருடத்தில் பிறந்ததால் பூவேந்தன் என்று வைக்கலாம் என்று வயிற்றில் இருந்தபோதே நினைத்து வைத்திருந்தாள்.

ஆனால் அந்த இருமல் அவள் காதை விட்டுப் போகவில்லை. 'ஆயிர... கக்... வேலா.' முள்ளி அப்படி இருமியது பெயர் வைத்த அன்று மட்டும்தானே? மறுநாளே தொண்டை சரியாகிவிட்டதே. அப்படியென்றால் பனிக்குள் கேட்டது அன்றைய குரல். அதை யாரோ அப்படியே விழுங்கி வைத்திருக்கிறார்கள். மூன்று தடவை சொல்லச் சொல்லிக் கண்ணை மூடிக் கேட்டது யார்?

நுணா குட்டியின் காதருகே குனிந்தாள்.

"கண்ணே, உன் பெயர் சருகு. யாராவது உன்னைச் சருகு என்று கூப்பிட்டால், நீ அந்த நொடியே சருகாகிவிட வேண்டும். படுத்துவிடு. மூச்சைக்கூடப் பெரிதாக விடாதே. கூப்பிட்டால் சருகு எழுந்து வருமா?"

"வராது அம்மா."

"அம்மா குரலில் கூப்பிட்டால்?"

குட்டி அவளை நிமிர்ந்து பார்த்தது. "அம்மா குரலிலும் வரக்கூடாதா?"

"அம்மா குரலிலும் வரக்கூடாது."

"அப்போ நீ என்னை எப்படிக் கூப்பிடுவே?"

நுணா முன்னங்காலைத் தூக்கித் தரையில் இரண்டு தட்டுத் தட்டினாள். டொக், டொக். "இதுதான் அம்மா," என்றாள். வாய்விட்டு ஒருநாளும் தன் பிள்ளையைக் கொஞ்சிக் கூப்பிட முடியாதே என்று நினைத்தபோது அவள் கண் கலங்கியது. குட்டிக்குத் தெரியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பெயர் வைக்காமல் இருந்தால் சந்தேகம் வரும். அதனால் நுணாவும் குட்டியோடு குகைக்குப் போனாள். உள்ளே ஈர மண்ணின் நெடி அடித்தது. கழுதைப்புலி இருட்டிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"வாம்மா, வா. என்ன பெயர்?"

"சருகு."

"சருகா? சீச்சீ! குப்பையில் கிடப்பதையா பிள்ளைக்குப் பெயராக வைப்பாய்? ஏனம்மா?"

"சருகை யாரும் குனிந்து பார்ப்பதில்லை, அத்தை. அதுதான் பிடித்திருக்கிறது."

வெளியே தங்கள் முறைக்காகக் காத்து நின்ற தாய்மார்கள் சிரித்தார்கள். கழுதைப்புலியும் பல்லைக் காட்டினாள். "சரி, உன் விருப்பம். மூன்று தடவை கூப்பிடு. கொஞ்சிக் கூப்பிடு."

நுணா கொஞ்சிக் கூப்பிட்டாள். கழுதைப்புலியின் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே கூப்பிட்டாள். பிறகு, ஏதோ கேட்கத் தோன்றிக் கேட்டாள்.

"அத்தை, உங்கள் பெயர் என்ன?"

"எனக்கா?" கழுதைப்புலி மெதுவாகச் சொன்னாள். "எல்லோருடைய பெயரும் என்னிடம்தானே அம்மா இருக்கிறது?"

மறுநாள் நுணா குட்டியை மூங்கிலடிச் சருகில் படுக்க வைத்துவிட்டு, ஓடைக்கரைக்குப் போய் முள்ளியையும் கோரையையும் பார்த்தாள். தான் நினைத்ததைச் சொன்னாள்.

கோரைக்குக் கோபம் வந்துவிட்டது. "அத்தையையா சொல்கிறாய்? என் மகனுக்காக என்னைவிட அதிகம் அழுதவள் அவள்!"

"நான் யாரையும் சொல்லவில்லை, அக்கா. அடுத்த பனியில் என் பக்கத்தில் நில்லுங்கள். நான் வாய் திறக்கிறேனா என்று மட்டும் பாருங்கள்."

சொல்லி முடிக்கவில்லை, பனி இறங்கிவிட்டது. ஓடை மறைந்தது. எதிரில் நின்ற முள்ளியின் முகம்கூட மங்கியது. மூங்கில் புதர் பக்கமிருந்து ஒரு குரல் மிதந்து வந்தது.

"சருகு... என் செல்லச் சருகு... வாடா ராஜா."

முள்ளியும் கோரையும் நுணாவின் வாயைப் பார்த்தார்கள். அது இறுக மூடியிருந்தது.

நுணாவுக்குப் பாய்ந்து ஓட வேண்டும் போல இருந்தது. ஆனால் ஓடினால் குளம்பு தரையில் அடிக்கும். அம்மா அழைக்கிறாள் என்று குட்டி எழுந்துவிடும். அவள் ஒவ்வொரு காலாகத் தூக்கி, பாசிமேல் வைத்து, வைத்து நடந்தாள். அவள் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான வழியை நடந்ததில்லை. பின்னால் மற்ற இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள்.

குரல் நெருங்கியது. "சருகு... எங்கே போனாய்? அம்மா பாவமில்லையா?"

இலைகள் கலையும் சத்தம். யாரோ மோப்பம் பிடிக்கிறார்கள்.

பிறகு அந்த வாய் பொறுமை இழந்தது. ஒருவேளை வேறு பிள்ளை ஏதாவது அருகில் இருக்கலாம் என்று நினைத்ததோ என்னவோ, தன்னிடம் இருந்த பெயர்களையெல்லாம் ஒவ்வொன்றாகக் கொட்டத் தொடங்கியது. "மலைபிளந்தான்! சாப்பிட வாடா!" என்றது கோரையின் குரலில். "ஆயிர... கக்... வேலா!" என்றது முள்ளியின் குரலில். தொலைந்துபோன பிள்ளைகளின் பெயர்கள், அவர்களின் தாய்மார் குரலில், ஒரே இடத்திலிருந்து, ஒன்றன்பின் ஒன்றாக.

பனி சற்றே விலகியது. மூங்கிலடியில் கழுதைப்புலி நின்றிருந்தாள். அவளுடைய முன்னங்கால்களுக்கு நடுவில் காய்ந்த இலைகள் குவிந்திருந்தன. அந்தக் குவியலில் ஒரு வெள்ளைக் கோட்டை நுணா மட்டும் பார்த்தாள். அது அசையவில்லை.

"அடிப்பாவி!" என்று கத்திக்கொண்டு கோரை பாய்ந்தாள். அவள் முட்டிய முட்டில் கழுதைப்புலி பாறையில் போய் மோதினாள். முள்ளி முட்களைச் சிலிர்த்துக்கொண்டு திரும்பினாள். முள்ளம்பன்றி பின்பக்கமாகத்தான் பாயும்.

அப்போது கழுதைப்புலியின் வாயிலிருந்து பிஞ்சுக் குரல் ஒன்று வந்தது.

"அம்மா, குத்தாதே. நான்தான் அம்மா, ஆயிரவேலன்."

முள்ளியின் கால்கள் நின்றுவிட்டன. முட்கள் தாழ்ந்தன. "என் கண்ணா," என்றாள்.

"அக்கா, திரும்பி அந்த வாயைப் பாருங்கள்!" என்றாள் நுணா.

முள்ளி திரும்பிப் பார்த்தாள். அந்தப் பெரிய தாடை, எலும்பை நொறுக்கும் அந்தப் பற்கள். அவற்றுக்கு நடுவிலிருந்து தன் மகன் "அம்மா, அம்மா" என்று அழுதுகொண்டிருந்தான்.

முள்ளி மறுபடி முதுகைக் காட்டித் திரும்பினாள். பின்பக்கமாகப் பாய்ந்தாள். அவள் முட்கள் கழுதைப்புலியின் தொண்டையில் ஆழமாக இறங்கின.

கழுதைப்புலி ஊளையிட்டுக்கொண்டு பனிக்குள் ஓடினாள். ஓடும்போதும் அவள் தொண்டையிலிருந்து குரல்கள் ஒவ்வொன்றாகச் சிதறின. ஒரு தாய், பிறகு ஒரு பிள்ளை, பிறகு இன்னொரு தாய். தூரம் போகப் போகக் குரல்கள் தீர்ந்தன. கடைசியில் சமவெளிப் பக்கமிருந்து ஒரே ஒரு சிரிப்பு மட்டும் கேட்டது. அதுதான் அவளுடைய சொந்தக் குரல். அதற்குப் பிறகு அவளை அந்தக் காட்டில் யாரும் பார்க்கவில்லை.

நுணா தரையைத் தட்டினாள். டொக், டொக்.

இலைக்குவியல் எழுந்து நின்றது. குட்டி உடம்பை உதறிக்கொண்டு ஓடிவந்து அவள் வயிற்றின் கீழ் புகுந்துகொண்டது.

"அம்மா, என் தலைமேல் சூடாக மூச்சு விட்டது," என்றது. "நீ கூப்பிடுவது போலவே இருந்தது. எனக்கு வரவேண்டும் போல இருந்தது. ஆனால் வரவில்லை."

நுணா அதை நக்கிக்கொண்டே இருந்தாள்.

அடுத்த மழைக்குப் பின் முள்ளிக்கு இன்னொரு குட்டி பிறந்தது. அவள் விழா எடுக்கவில்லை, யாரையும் அழைக்கவில்லை. வளைக்குள் போய் வெகுநேரம் இருந்துவிட்டு வெளியே வந்தாள்.

வாசலில் கோரை காத்திருந்தாள். "என்ன பெயர் வைத்தாய், முள்ளி? என்னிடமாவது சொல்லேன்."

"அவனுக்குத் தெரியும்," என்றாள் முள்ளி.

நீதி: பிள்ளைக்கு வைக்கும் பெயர் ஊரார் வியப்பதற்காக அல்ல, அந்தப் பிள்ளை நலமாக வாழ்வதற்காக.