விரால் குடித்த காற்று

மீனும் ஆமையும் வாய்விட்டுப் பேசிக்கொண்ட அந்தக் காலத்தில், அவரவர் உடம்புக்குள் இருக்கும் காவல்காரர்களோடும் பேச முடிந்தது. முள் குத்தினால் "இங்க வாங்கப்பா" என்று ஒரு குரல் கொடுத்தால் போதும். ரத்தத்தில் மிதந்து திரிகிறவர்கள் ஓடி வந்து, உள்ளே புகுந்த கிருமியைத் தீ வைத்துக் கொளுத்திவிட்டுப் போய்விடுவார்கள்.

ஒரு கண்மாயில் விரால் ஒன்று இருந்தது. மற்ற மீன்களைப் போல அதுவும் அப்போது தண்ணீரிலிருந்துதான் மூச்சு எடுத்தது. ஆண் விராலை நாரை தூக்கிக்கொண்டு போனதிலிருந்து, இருநூறு குஞ்சுகளையும் அது ஒற்றையாகவே காத்து வந்தது. மூச்சு வாங்க மேலே போய்வரும் ஆமையைக் கண்டால் மட்டும் அதற்கு வாய் சும்மா இருக்காது.

"என்ன மதினி, ஊர் வேடிக்கை பாக்கக் கிளம்பியாச்சா?"

"ஆமாண்டி. உன்னை மாதிரி சேத்துக்குள்ளயே கெடக்கச் சொல்றியா?" ஆமையும் விடாது.

சித்திரை வெயிலில் கண்மாய் வற்றிக் குட்டையானது. ஒரு நாள் குஞ்சுகளைக் கொத்த வந்த நாரையின் அலகுக்குக் குறுக்கே விரால் பாய்ந்தது. குஞ்சுகள் தப்பின. குத்து விராலின் வாலருகே விழுந்தது.

காவல்காரர்கள் வந்தார்கள். மூன்று நாளாகியும் புண் ஆறவில்லை. வீங்கிச் சிவந்து காந்தியது. வாலை அசைக்க முடியாமல் விரால் கிடக்க, கெளுத்திகள் குஞ்சுகளை நோட்டம் விட்டன.

ஆள் பற்றவில்லை போலிருக்கிறது என்று நினைத்து விரால் இன்னும் நூறு பேரைக் கூப்பிட்டது. மறுநாள் இருநூறு பேரை. வீக்கம் இரண்டு மடங்கானது.

"ஏப்பா, கிருமி செத்துச்சா இல்லையா?" என்று கத்தியது.

"அது செத்து ரெண்டு நாளாச்சு தாயி" என்றான் காவல்காரர்களின் தலைவன்.

"அப்புறம் எதுக்குத் தீ வைக்கிறீங்க? எரியறது என் சதைடா!"

"தெரியுது. ஆனா இங்க மூச்சுக் காத்து இல்லையே. காத்தில்லாத எடத்துல நின்னா, எதிரி இன்னும் உள்ளதான் இருக்கான்னு தோணுது. கை நிக்கமாட்டேங்குது. முறை முடிஞ்சவனும் போகமாட்டேங்கறான். நீ வேற ஆள் மேல ஆள் அனுப்பற. இருக்கற கொஞ்சக் காத்தையும் வந்தவன் குடிச்சுடறான். வீக்கம் ரத்தக்குழாயை நெரிக்குது."

விரால் சுற்றிலும் பார்த்தது. சூடேறிய தண்ணீரில் கெண்டைகள் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தன. தண்ணீரிலேயே காற்று இல்லை. மேலே இருந்தது. மேலே நாரையும் இருந்தது.

இங்கேயே கிடந்தால் வால் அழுகும். குஞ்சுகள் கெளுத்தியின் வயிற்றுக்குப் போகும். விரால் துடுப்பை ஊன்றி எழும்பியது.

"எங்கடி போற, நாரை நிக்குது!" என்று ஆமை பதறியது.

"ஊர் வேடிக்கை பாக்கத்தான், மதினி."

ஒரு விரால் தானாக மேலே வரும் என்று நாரை எதிர்பார்க்கவேயில்லை. அது கழுத்தை வளைப்பதற்குள் விரால் ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டுக் கீழே போய்விட்டது. அடுத்த தடவை வேறொரு மூலையில் எழும்பியது. அதற்கடுத்து இன்னொரு மூலையில்.

பொழுது சாய்வதற்குள் காற்று புண்வரை போய்ச் சேர்ந்தது. காவல்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "இங்க என்னடா பண்ணிக்கிட்டிருக்கோம்?" என்றான் ஒருவன். தீயை அணைத்துவிட்டு ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். வீக்கம் வடிந்தது. அதிலிருந்து நான்காம் நாள் விரால் வாலை ஓங்கி அடித்தபோது கெளுத்திகள் பாசிக்குள் ஓடின.

தாய் போன இடமெல்லாம் போகிற குஞ்சுகள், மேலே போகவும் கற்றுக்கொண்டன. ஐப்பசியில் மழை கொட்டிக் கண்மாய் நிறைந்தது. ஆனால் மேல்காற்றைக் குடித்துப் பழகிவிட்ட அவற்றுக்குத் தண்ணீர் தருகிற மூச்சு அதன்பிறகு போதவில்லை.

தண்ணீர் எவ்வளவு கிடந்தாலும் ஒரு வாய் காற்றுக்காக விரால் மேலே வந்து போவது அன்றிலிருந்துதான். எப்படியும் வந்துதான் ஆகும் என்று தெரிந்துகொண்ட நாரை, கரையோரம் அசையாமல் நிற்பதும் அன்றிலிருந்துதான்.