வேளரையன் நீக்கிய பாடம்

“இளவரசருக்குச் சோறு மென்று தரவும் இனி ஓர் ஆளைப் போடுவார்கள், பாரேன்.”

பல்லக்குத் தூக்கிய ஒருவன் பக்கத்தில் நடந்தவனிடம் இப்படிச் சொன்னது, உள்ளே இருந்த அரசனின் காதில் விழுந்துவிட்டது. எந்தக் காலம், எந்த நாடு என்று கேட்காதீர்கள். ஆறு ஓடிய ஒரு நாடு. அரசன் பெயர் வேளரையன். அவனுக்கு இரண்டு மகன்கள், நன்முல்லை என்று ஒரு மகள்.

அரசன் கோபப்படவில்லை. வெட்கப்பட்டான். உடனே ஒரு பள்ளிக்கூடம் கட்டச் சொன்னான். தன் பிள்ளைகளும் அமைச்சர்களின் பிள்ளைகளும் அங்கே எதைப் படிக்க வேண்டும் என்று முடிவுசெய்ய அவையைக் கூட்டினான்.

கணக்கு வேண்டும் என்றார்கள், சேர்த்தான். வானநூல் வேண்டும் என்றார்கள், சேர்த்தான். செய்யுள் வேண்டும் என்றார்கள், அதையும் சேர்த்தான். கடைசியில் ஆசிரியர் ஆதனார் எழுந்து, நோயாளியைப் பார்த்துக்கொள்ளவும் பிள்ளைகள் பழக வேண்டும் என்றார்.

அவை சிரித்தது. இளவரசி சளி துடைக்கவா படிக்கிறாள் என்று ஓர் அமைச்சர் கேட்டார்.

வேளரையன் சிரிக்கவில்லை. இளமையில் போர்க்களத்தில் காயம்பட்டவர்களைச் சுமந்தவன், அவர்கள் எடுத்த வாந்தியைக் கையால் வழித்துப் போட்டவன் அவன். அந்த நாற்றம் இன்னும் அவன் மூக்கை விட்டுப் போகவில்லை. தன் பிள்ளைகளுக்கு அது வேண்டாம் என்று நினைத்தான். அன்பினால்தான் நினைத்தான்.

“ஆள் வைத்துச் செய்துகொள்ளக் கூடியதை எதற்குப் படிக்க வேண்டும், ஐயா? அதை விட்டுவிடுங்கள்.”

ஆதனார் உட்கார்ந்துவிட்டார்.

பிள்ளைகள் வளர்ந்தார்கள். நன்றாகவே படித்தார்கள்.

ஒரு கோடையில் கொள்ளைக் காய்ச்சல் வந்தது. முதலில் சந்தை வெறிச்சோடியது. பிறகு தெருக்கள். பிறகு அரண்மனை. பணியாட்கள் தங்கள் வீட்டு நோயாளிகளிடம் ஓடிப்போனார்கள். மருத்துவரும் இறந்துபோனார். வேளரையன் படுக்கையில் விழுந்தான்.

ஓர் உச்சி வேளையில் அவன் தண்ணீர் கேட்டான். மூத்தவன் கைதட்டி ஆளைக் கூப்பிட்டான். யாரும் வரவில்லை. மறுபடி தட்டினான். மூன்றாம் முறையும் தட்டினான்.

இளையவன் பலகணியோரம் நின்று, காய்ச்சல் எப்போது இறங்கும் என்று கோள்களைக் கொண்டு கணித்தான். கணக்கில் பிழை இல்லை. மூத்தவன் தானே செம்பை எடுத்துவந்து, நின்றபடி தந்தையின் வாயில் ஊற்றினான். தண்ணீர் மூக்கில் ஏறியது. அரசனுக்குப் புரையேறியது. மகன் பயந்து விலகிப் போனான்.

“தலையைத் தூக்கிப் பிடி, கண்ணா.”

எங்கே கை கொடுத்துத் தூக்குவது? மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நன்முல்லை ஓர் அடி எடுத்து வைத்தாள்; வாடை அடித்தது; நின்றுவிட்டாள். அரசன் யாரையும் கடிந்துகொள்ளவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். கொஞ்ச நேரத்தில் மூச்சு நின்றது.

பிள்ளை பெற்றவர்களே, ஆள் வைத்துச் செய்துகொள்ளலாம் என்று எண்ணி, ஓர் உயிரைப் பேணும் கல்வியை உங்கள் பிள்ளைகளுக்கு மறுக்காதீர்கள்.

வெகுநேரம் கழித்து நன்முல்லை கட்டிலில் ஏறி உட்கார்ந்தாள். தந்தையின் தலையைத் தூக்கினாள். ஒருமுறை நழுவியது, மறுபடி பிடித்தாள். மடியில் வைத்துக்கொண்டு, முந்தானையை நனைத்து, காய்ந்திருந்த உதடுகளைத் துடைத்தாள்.