கோத்தகிரி ஏற்றம்

தெய்வசிகாமணி ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகியிருந்தது. நீலமலைச் சுற்று என்கிற ஐந்து நாள் சைக்கிள் பந்தயத்தை நான்கு முறை வென்றவர். முப்பத்தாறு வயதில் ஆளுயர மாலை போட்டு அனுப்பிவைத்தார்கள். கோயம்புத்தூரில் ஒரு சைக்கிள் கடை திறந்தார். வியாபாரம் நன்றாகவே போனது.

ஒரு கல்லூரி விழாவில் அவரை மேடைக்கு அழைத்தவர், “முன்னாள் சாம்பியன்” என்றார். தப்பான வார்த்தை இல்லை. ஆனாலும் அது அவருடனேயே வீட்டுக்கு வந்தது. சாப்பிட உட்கார்ந்தபோது பக்கத்தில் உட்கார்ந்தது. படுத்தால் தூங்கவிடவில்லை.

இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தார். மூன்றாம் நாள் காலை ரெஜினா டீச்சரைப் பார்க்கப் போனார்.

ரெஜினா தானும் ஒரு காலத்தில் பந்தயம் ஓட்டியவர். மதுக்கரைப் பக்கம் ஒரு பழைய குடோனை வாடகைக்குப் பிடித்து, பந்தயக்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார். சிகாமணியைச் சாம்பியன் ஆக்கியவர் அவர்தான். பேச்சு குறைவு. எதைக் கேட்டாலும் முதலில் கையில் இருக்கும் வேலையை முடிப்பார்.

“டீச்சர், நான் திரும்ப ஓட்டலாம்னு இருக்கேன். ஓட்டலாமா?”

டீச்சர் ஒரு செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். விட்டு முடித்துக் கையைத் துடைத்தார்.

“போஜன்?” என்றார்.

“போஜனுக்கு என்னங்க? எப்பவும் போல என்கூடத்தான் இருப்பான்.”

போஜன் கோத்தகிரிப் பக்கத்துக்காரன். இருபத்து மூன்று வயதில் சிகாமணியின் அணிக்கு வந்தவன். எட்டு வருஷம் அவருக்கு முன்னால் ஓட்டினான். முன்னால் என்றால் ஜெயிப்பதற்காக இல்லை. பந்தயத்தில் முன்னால் போகிறவன் காற்றைத் தன் நெஞ்சில் வாங்கிக்கொள்வான். அவனை ஒட்டி வருகிறவருக்குப் பாதி உழைப்பு மிச்சம். கடைசி ஏற்றம் வந்ததும் முன்னால் போனவன் விலகிக்கொள்வான், பின்னால் வந்தவர் பாய்ந்து போய் ஜெயிப்பார். சிகாமணி ஜெயித்த நான்கு முறையும் விலகிக்கொண்டவன் போஜன்.

சிகாமணி ஓய்வு பெற்ற பிறகு, முதல் வருஷம் அணிக்கு வெளியூர் ஆள் ஒருவரைத் தலைவராகக் கொண்டுவந்தார்கள். இந்த வருஷம்தான் போஜனைத் தலைவன் என்று அறிவித்திருந்தார்கள். அவனுக்கு முப்பத்து மூன்று வயது.

டீச்சர் போஜனைப் பற்றி வேறெதுவும் கேட்கவில்லை. தன் சைக்கிளை வெளியே எடுத்தார். “வா” என்றார்.

வாளையார் சாலை. ஆடி மாதம். பாலக்காட்டுக் கணவாயிலிருந்து வந்த காற்று, ஆளைப் பிடித்து நிறுத்திவிடும்போல் இருந்தது.

“நீ முன்னாடி போ” என்றார் டீச்சர்.

சிகாமணி முன்னால் போனார். முதல் ஐந்து கிலோமீட்டரில் மூச்சு முட்டியது. பிறகு உடம்பு பழைய தாளத்துக்கு வந்தது. இருபதாவது கிலோமீட்டரில் நிறுத்தித் திரும்பிப் பார்த்தார். ஒரு கை தூரத்தில் டீச்சர் வந்து நின்றார்.

“எனக்கு அம்பத்து மூணு வயசு, சிகாமணி. உன் பின்னாடியே வந்துட்டேன், பாத்தியா?”

“நீங்க என்னைக்கும் கெட்டிதானுங்க டீச்சர்.”

டீச்சர் அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தண்ணீர் குடித்துவிட்டு சைக்கிளைத் திருப்பினார். 

சிகாமணிக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். அந்தக் காற்றில் இருபது கிலோமீட்டர்! அன்று மாலையே அணியின் மேனேஜரிடம் பேசினார். மேனேஜருக்கு வாயெல்லாம் பல். சாம்பியன் திரும்பி வருகிறார் என்றால் பேப்பர்காரர்கள் வீட்டு வாசலுக்கே வருவார்கள். தலைவர் யார் என்று யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய விஷயமாகவே அது இல்லை.

சிகாமணியே போஜனுக்குப் போன் போட்டுச் சொன்னார்.



“போஜா, லைன்ல இருக்கியா?”

“இருக்கனுங்ணா. வாங்க. நல்லா பண்ணிரலாம்.”

நான்கு மாதம் கடுமையாகப் பயிற்சி எடுத்தார். எடை எட்டுக் கிலோ இறங்கியது. டிசம்பரில் பந்தயம் தொடங்கியது. முதல் நான்கு நாளும் போஜன் முன்னால் ஓட்டினான். அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே சிகாமணி பின்னால் வந்தார். நான்காம் நாள் முடிவில் அவர் ஐந்தாவது இடம். முதல் ஆளுக்கும் அவருக்கும் நாற்பது வினாடிதான் வித்தியாசம். அவருக்கு முன்னால் ஓட்டிய போஜனுக்கும் அதே நேரம்தான். ஆனால் பேப்பரில் சிகாமணியின் படம் மட்டும் வந்தது.

ஐந்தாம் நாள், மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி வழியாக ஊட்டி.

கோத்தகிரி ஏற்றத்தில் பாதி தூரம் ஏறியதும் சிகாமணியின் தொடைகள் கனத்தன. முன்னணியில் ஆறு பேர் இருந்தார்கள். போஜன் ஆறாவது ஆள். சிகாமணி ஏழாவதாக அவனை ஒட்டி இருந்தார். ஒரு வளைவில் ஒரு கை தூரம் விட்டுப்போனது. அடுத்த வளைவில் நாலு கை தூரம். பிறகு அவர்கள் மேலே ஒரு வளைவில் தெரிந்தார்கள், அவர் கீழே ஒரு வளைவில் இருந்தார்.

போஜன் மற்ற ஐந்து பேரோடு போய்க்கொண்டிருந்தான். மூச்சு இரைக்காமல், வாயை மூடிக்கொண்டு ஏறினான். இத்தனை வருஷத்தில் அவன் அப்படி ஏறிச் சிகாமணி பார்த்ததில்லை.

அணியின் கார் சிகாமணியைக் கடந்து மேலே போனது. மேனேஜர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் கத்தினார். “போஜா! அண்ணன் பின்தங்கிட்டாரு! நில்லு!”

போஜன் திரும்பிப் பார்த்தான். பிறகு மிதிப்பதை நிறுத்தினான். மற்ற ஐந்து பேரும் மேலே போய்விட்டார்கள்.

சிகாமணி அவனிடம் வந்து சேர்ந்தபோது, “என் பின்னாடி வந்துருங்ணா” என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

கோத்தகிரி தாண்டியதும் போஜனின் ஊர். சாலையில் சுண்ணாம்பால் அவன் பெயரைப் பெரிதாக எழுதியிருந்தார்கள். இரண்டு பக்கமும் ஊரே திரண்டு நின்றது. பெண்கள் அந்த மலை வழக்கப்படி வெள்ளை முண்டு போர்த்தி நின்றார்கள். ஒரு கிழவர் மேளம் வைத்திருந்தார். முதல் ஐந்து பேர் கடந்து போயிருந்தார்கள். அப்போதே கூட்டம் குழம்பியிருக்க வேண்டும்.

போஜன் வந்தான். சத்தம் எழுந்தது. ஆனால் அவன் நாலு மிதிக்கு ஒருமுறை திரும்பிப் பின்னால் பார்த்துக்கொண்டே வந்தான். அவன் யாருக்காகத் திரும்பிப் பார்க்கிறான் என்பது அவர்களுக்குப் புரிந்தபோது மேளம் நின்றது. கைதட்டினார்கள், விருந்தாளிக்குத் தட்டுவதுபோல.

சிகாமணி அந்தச் சுண்ணாம்பு எழுத்துகளின் மேல் ஏறிப் போனார். ‘நீ போ’ என்று ஒரு வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. மேடு இன்னும் பாக்கி இருந்தது, போஜனால் அந்த ஐந்து பேரைப் பிடித்திருக்க முடியும்.

இன்னொரு வளைவு தாண்டட்டும், எனக்குக் கால் வந்துவிடும் என்று நினைத்தார்.

அந்த வளைவு தாண்டியது. அதற்கடுத்ததும் தாண்டியது. பின்னாலிருந்து வந்த மூன்று பேர் அவர்களைக் கடந்து போனார்கள். ஊட்டி வந்துவிட்டது. எல்லைக் கோட்டுக்குச் சற்று முன்னால் போஜன் விலகி வழிவிட்டான். சிகாமணி ஒன்பதாவது. போஜன் பத்தாவது.

அந்த வருஷத்தோடு சிகாமணி மறுபடி ஓய்வு பெற்றார். இந்த முறை மாலை இல்லை. முப்பத்து நான்காகப் போகிறது என்று சொல்லி, அணியில் போஜனின் ஒப்பந்தத்தையும் புதுப்பிக்கவில்லை. அவன் ஊருக்குப் போய்த் தேயிலை லாரி ஓட்டுகிறான் என்று கேள்விப்பட்டார்.

மாசி மாதம் ஒரு நாள் சிகாமணி அவன் வீட்டுக்குப் போனார். மன்னிப்புக் கேட்கத்தான் போனார்.

போஜன் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டான். நாற்காலி போட்டான். அவன் மனைவி டீ கொடுத்தாள். லாரியைப் பற்றிப் பேசினான், மழையைப் பற்றிப் பேசினான், பச்சைத் தேயிலை விலையைப் பற்றிப் பேசினான். சிகாமணி வாயைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் வேறொரு பேச்சை எடுத்தான். வேஷமும் இல்லை, கோபமும் இல்லை. அண்ணன் வீட்டுக்கு வந்த சந்தோஷம் முகத்தில் நிஜமாகவே இருந்தது. அதைத்தான் சிகாமணியால் தாங்க முடியவில்லை.

கிளம்பும்போது பஸ் நிறுத்தம் வரைக்கும் வந்தான். பஸ் தூரத்தில் தெரிந்தது.

“அன்னைக்குக் கால் நல்லா இருந்துச்சுங்ணா” என்றான் போஜன். “அப்படி ஒரு நாள் எனக்கு வந்ததே இல்ல.”

பஸ் வந்துவிட்டது. அவரை ஏற்றிவிட்டுக் கையசைத்தான்.

சிகாமணி வீட்டுக்குப் போகவில்லை. நேராக மதுக்கரைக்குப் போனார்.

டீச்சர் ஒரு சக்கரத்தைத் தாங்கியில் மாட்டிச் சுழற்றி, கோணல் பார்த்துக்கொண்டிருந்தார். சிகாமணி எதிரே நின்றார். நடந்ததை எல்லாம் சொன்னார். தொண்டை வரைக்கும் வந்த வார்த்தையையும் சொன்னார். அதை அவர் அதற்கு முன் யாரிடமும் சொன்னதில்லை.

டீச்சர் சக்கரத்தின் ஆரக்கம்பி ஒன்றை முறுக்கினார். சக்கரத்தை மறுபடி சுழற்றினார். அது நேராக ஓடி, மெதுவாகி, நின்றது.

“நீங்க அன்னைக்கு ஊட்டியில இருந்தீங்க. அவன் ஏறுனதைப் பாத்தவங்க எல்லார்கிட்டயும் கேட்டிருப்பீங்க” என்றார் சிகாமணி. “ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க டீச்சர். நான் ‘நீ போ’ன்னு சொல்லியிருந்தா, போஜன் ஜெயிச்சிருப்பானா?”

“தெரியாது.”

“மனசுக்குப் பட்டதைச் சொல்லுங்க. ஜெயிச்சிருப்பான்னாலும் பரவாயில்ல, தாங்கிக்கறேன். ஜெயிச்சிருக்க மாட்டான்னா...”



டீச்சர் சக்கரத்தைத் தாங்கியிலிருந்து கழற்றிச் சுவரில் சாய்த்தார்.

“எனக்குத் தெரியாது, சிகாமணி. உனக்கும் தெரியாது. அதைத் தெரிஞ்சுக்கத்தான் அவன் பத்து வருஷம் காத்திருந்தான்.”