பக்கத்து இலை, பக்கத்து வண்டி

சென்னியப்பன் தன் குருவைவிடப் பதினைந்து வயது மூத்தவர். குரு அவரை ‘அண்ணா’ என்பாள். அவர் குருவை ‘மாஸ்டர்’ என்பார். கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். இவர்கள் இரண்டு பேருக்கும் அதில் ஒரு கூச்சமும் இருந்ததில்லை.

குருவின் பெயர் மெஹருன்னிசா. கோயம்புத்தூரைத் தாண்டி இருக்கும் ரேஸ் டிராக்கில் பெரிய பெரிய ஆட்களையெல்லாம் பின்னால் விட்டுக் கோப்பை வாங்கியவள். இப்போது அங்கேயே மோட்டார் சைக்கிள் பந்தயம் சொல்லிக்கொடுக்கிறாள். சென்னியப்பன் கல்யாணச் சமையல் காண்ட்ராக்டர். நாற்பதைத் தாண்டிய மனுஷனுக்குப் பந்தய ஆசை வந்தால் வீட்டில் என்னவெல்லாம் சொல்வார்களோ அதையெல்லாம் அவருக்கும் சொன்னார்கள். அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

ஓட்டம் அவருக்கு அழகாக வந்தது. வளைவில் முழங்கால் தரையை உரசும்படி வண்டியைச் சாய்ப்பார். தகுதிச் சுற்றில் வேகமாக ஓட்டி முதல் வரிசையில் இடம் பிடித்துவிடுவார். அதற்கப்புறம்தான் கூத்து. சிவப்பு விளக்கு அணைந்து எல்லாரும் சீறிக்கொண்டு கிளம்பும்போது அவர் வண்டி மட்டும் திணறி நிற்கும். இல்லாவிட்டால் முன்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு ஆடும். முதல் வளைவுக்குள் பாதிப் பேர் அவரைத் தாண்டிப் போயிருப்பார்கள்.

வண்டி அவருடையது இல்லை, பட்டறைக்காரர் தங்கமுத்துவுடையது.

“இந்த ஞாயித்துக்கிழமை மொத மூணு எடத்துக்குள்ள வந்துருங்க. இல்லீனா வண்டிய வேற ஆளுக்குக் குடுத்தர்றனுங். மனசுல வெச்சுக்காதீங்க” என்று தங்கமுத்து மரியாதையாகத்தான் சொன்னார். மரியாதையாகச் சொன்னதால் வலி குறைந்துவிடவில்லை. அந்த வண்டியை விட்டுவிடுவதை நினைத்தாலே சென்னியப்பனுக்குச் சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை, பயிற்சிக்கு வந்ததும் வராததுமாகக் குருவிடம் போய் நின்றார்.

“மாஸ்டருங், ஒண்ணு கேக்கட்டுங்களா?”

“கேளுங்ணா.”

“தனியா நின்னு கிளம்புனா பறக்கறனுங். நாலு பேரோட நின்னா வண்டி படுத்துக்குது. ஏனுங்?”

“தனியா ஒருக்கா காட்டுங்க.”

காட்டினார். ஆக்ஸிலேட்டரை ஒரே சீராகப் பிடித்தார். வண்டி முன்னால் உந்தப் பார்க்கிற இடம்வரை கிளட்ச்சை விட்டு நிறுத்தினார். நெஞ்சை டேங்க்கின் மேல் சாய்த்தார். மெஹர் கையை இறக்கியதும் வண்டி ஒரு திணறலும் இல்லாமல் பாய்ந்து போனது.

“தப்பே இல்லீங்ணா” என்றாள் மெஹர்.

“அதுதானுங் என் வயித்தெரிச்சல்.”

“போன ரேஸ்ல என்ன ஆச்சு? நின்ன எடத்துலருந்து சொல்லுங்க.”

சென்னியப்பன் உற்சாகமாகிவிட்டார். “எடது பக்கம் ஒரு பச்சை வண்டிங். சும்மா முறுக்கிட்டே இருந்தான். சரி, நாமளும் கொஞ்சம் ஏத்துவோம்னு ஏத்துனனுங். வலது பக்கத்துக்காரர் கிளட்ச்சுல ரெண்டே வெரலுதான் வெச்சிருந்தாருங். என்னுது நாலு வெரலு. நம்முளுது தப்போன்னு ஒரு ரோசனை. அவருக்கு அந்தப் பக்கம் ஒருத்தன் இருமுனானுங்…”

“ஹெல்மெட்டுக்குள்ள இருமுனது கேட்டுச்சா?”

“தோள் குலுங்குச்சுங்.”

மெஹர் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். அங்கே பயிற்சிக்கு வந்திருந்த மற்ற ரைடர்களைக் கூப்பிட்டு ஒதுக்குப்புறமாக நின்று ஏதோ பேசினாள். பிறகு எல்லாரையும் வண்டியோடு கோட்டில் நிறுத்தினாள். சென்னியப்பன் நடுவில். விளக்குக் கம்பத்துக்குப் போய் ஸ்விட்சில் கை வைத்தாள்.

சிவப்பு எரிந்தது. வண்டிகள் உறுமின. இரண்டு பக்கத்து ரைடர்களும் விருட்டென்று கிளம்பினார்கள். சென்னியப்பனும் கிளம்பினார். அவர்கள் நாலடியில் நின்றுகொண்டார்கள். அவர் மட்டும் நாற்பதடி போய் நின்றார்.

“அண்ணா, விளக்கு?” என்று மெஹர் கூவினாள்.

திரும்பிப் பார்த்தார். விளக்கு சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது.

“ஏமாத்திப்புட்டானுங்க மாஸ்டர்!”

“சரி, இன்னொருக்கா.”

இந்தத் தடவை சென்னியப்பன் உஷார். இவன்கள் என்ன குட்டிக்கரணம் போட்டாலும் நான் அசையப் போவதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டார். இடதுபக்கத்தானையும் வலதுபக்கத்தானையும் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்தார். உறுமல் ஏறியது. ஒருத்தரும் நகரவில்லை. அவரும் நகரவில்லை. உறுமல் மெல்ல இறங்கியது. அப்போதும் அவர் நகரவில்லை. ஜெயித்துவிட்டோம் என்று அவருக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

மெஹர் கம்பத்திலிருந்து ஆற அமர நடந்து வந்தாள்.

“என்னங்ணா, கிளம்புலயா?”

“இவனுக யாருமே கிளம்புலீங்களே! நான் ஏமாறுல, பாத்தீங்களா?”

“விளக்கு?”

நிமிர்ந்து பார்த்தார். விளக்கு அணைந்து எவ்வளவு நேரமாயிற்றோ தெரியவில்லை.

ரைடர்கள் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். சென்னியப்பனுக்கு முதலில் முகம் சிவந்தது. பிறகு அவருக்கே தாங்கவில்லை, வண்டியைச் சாய்த்து நிறுத்திவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

சிரித்து முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார். “தொழில் பழக்கமுங் மாஸ்டர். பந்தியில நின்னா ஒரு கண்ணு இந்த எலைக்கும் ஒரு கண்ணு அந்த எலைக்கும் போயிட்டே இருக்கோணும். எவருக்கு ரசம் வேணும், எவருக்கு அப்பளம் வல்லைன்னு பாத்துப் பாத்தே பொழைச்சவனுங் நான். பக்கத்துல பாக்காம நிக்கறது எப்படின்னே தெரியாதுங்.”

“கடைசியாப் பண்ணுன கல்யாணத்துல நீங்க என்ன சாப்பிட்டீங்கண்ணா?”

“மாப்பிள்ளையோட மாமனுக்கு மூணு தடவை பாயசம் போச்சுங். சம்பந்தியம்மா கத்திரிக்காயத் தொடவே இல்லீங்…”

“நீங்க?”

சென்னியப்பன் தலையைச் சொறிந்தார். “சாப்பிட்டனுங்… என்னன்னு நெனப்பு வல்லீங்.”

“நாளைக்கு எங்கியாச்சும் கல்யாணம் இருக்குதா?”

“பீளமேட்டுல ஒண்ணு இருக்குதுங்.”

“மொதப் பந்தியில எலை போட்டு உக்காந்து சாப்பிடுங்க.”

சென்னியப்பன் பதறிவிட்டார். “காண்ட்ராக்டர் மொதப் பந்தியிலயா? சமையக்காரன் கடைசிப் பந்தியிலதானுங் உக்காரோணும். மானம் போயிருமுங்!”

“கிளட்ச் பழகுங்கன்னு சொன்னப்ப பழகுனீங்கல்ல?”

“பழகுனனுங்.”

“அதே மாதிரிதான் இதும்.”

மறுநாள் பீளமேட்டு மண்டபத்தில் சென்னியப்பன் முதல் பந்தியில் உட்கார்ந்தார். பரிமாறும் ஆட்கள் பேயறைந்தாற்போல் நின்றார்கள். பெண்ணின் அப்பா ஓடி வந்து, “ஏனுங், உடம்பு கிடம்பு சரியில்லீங்களா?” என்று கேட்டார். பசி என்று சொல்லிவிட்டு இலையில் தண்ணீர் தெளித்தார்.

பக்கத்து இலையில் பொரியல் காலியாகிக்கொண்டிருப்பது ஓரக்கண்ணில் பட்டது. ‘இங்க பொரியல்!’ என்று நாக்கு நுனிவரை ஒரு சத்தம் வந்தது. அதை ஒரு வாய்ச் சோற்றோடு சேர்த்து விழுங்கினார். நாலு வாய் போனதும் நாக்கு விழித்துக்கொண்டது. அவியலில் தேங்காய் ஒரு பிடி கூடுதல் என்பது இத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. ரசம் அபாரமாக இருந்தது. நம் ரசம் இப்படியா இருக்கும் என்று அவருக்கே ஆனந்தம் பொங்கியது. இரண்டாம் தடவை வாங்கிக் கையில் ஊற்றிக் குடித்தார். பந்தி முடிந்து எழுந்தபோதுதான் சுற்றிலும் பார்த்தார். எல்லாரும் வயிறார எழுந்து கை கழுவப் போய்க்கொண்டிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை. முதல் வரிசை, நடு இடம். டிராக் சுவரோரம் தங்கமுத்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மெஹர் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காலையிலிருந்து அவள் ஒரு புத்திமதியும் சொல்லவில்லை.

சிவப்பு எரிந்தது.

சென்னியப்பனுக்கு உறுமல் கேட்டது. யாருடைய உறுமல் என்று பிரித்துப் பார்க்கத் தோன்றவில்லை. தொடைக்கு நடுவே தன் வண்டி நடுங்குவது தெரிந்தது. கிளட்ச்சில் விரல்கள் இருந்தன, எத்தனை என்று எண்ணவில்லை. சிவப்பு. சிவப்பு. இல்லை.

வண்டி போய்விட்டது.

கொஞ்ச தூரம் போன பிறகுதான் எதிரே யாருமே இல்லை என்பது உறைத்தது. ஐயோ, சிவப்பிலேயே கிளம்பிவிட்டோமா? இல்லை, அணைந்ததைப் பார்த்தோம், கண்ணாரப் பார்த்தோம். முதல் வளைவில் முதல் ஆளாகச் சாய்ந்தபோது ஹெல்மெட்டுக்குள் அவர் போட்ட கூச்சல் அவர் காதையே அடைத்தது.

கடைசிச் சுற்றில் பச்சை வண்டிக்காரன் அவரைத் தாண்டினான். சென்னியப்பன் இரண்டாவதாக வந்தார். தங்கமுத்து ஓடி வந்து அவரைக் கட்டிப்பிடித்து, “அடுத்த ரேஸுக்குப் புது டயர் மாட்டிர்லாமுங்!” என்று கத்தினார். சென்னியப்பனுக்கு வாயெல்லாம் பல்.

எல்லாரும் கை குலுக்கிப் போன பிறகு, வேர்வை சொட்டச் சொட்டக் குருவைத் தேடி வேலியோரம் வந்தார்.

“மாஸ்டருங், ஸ்டார்ட் எப்படி இருந்துச்சுங்? எனக்கு ஒண்ணுமே நெனப்பில்லை. பக்கத்துல இருந்தவங்கெல்லாம் எப்படிக் கிளம்புனாங்க, நான் எப்படிக் கிளம்புனேன், நீங்க பாத்திருப்பீங்கல்ல?”

“இல்லீங்ணா” என்றாள் மெஹர். “நான் விளக்கைப் பாத்துட்டிருந்தேன்.”